சாளரத்தைத் திறப்பது யார்?

பழந்தமிழில் சாளரத்திற்குக் ‘காலதர்’ என்றொரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். ஆங்கிலத்தின் ‘விண்டோ’வும் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் தொகைச்சொல்லிலிருந்து வந்ததே. பேச்சில் நாம் வழங்கும் ‘ஜன்னல்’, மலாய்மொழியின் ‘ஜெண்டேலா’ ஆகிய இரண்டும் போர்த்துக்கீசிய ‘ஜனேலா’வின் வழிவந்தவை. சொற்கள் வேறாயினும் கருத்து ஒன்று: சாளரம் என்பது அகத்திற்கும் புறத்திற்கும் இடையே அமைந்த வழி.

கணினித் திரையிலுள்ள சாளரமும் அத்தகையதே. அவ்வழியைத் திறப்பதும் காப்பதும் யாருடைய பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் வினா. இது நிரலாளருக்கு மட்டும் உரியது போலத் தோன்றலாம். ஆயினும், நாம் தட்டும் எழுத்தும் அவ்வழியாகவே உள்ளே செல்கின்றது. ஆதலின், இது மொழி ஆசிரியரும் மாணவரும் அறிய வேண்டிய வினாவுமாகும்.

மூன்று அடுக்குகள்

திரையில் சாளரத்தை உண்மையில் அமைத்துத் தருவது விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்ற இயங்குதளம். மேலே இருப்பது நாம் எழுதும் செயலி நிரல். இவ்விரண்டிற்கும் இடையே சில மொழிகளில் ‘மெய்நிகர் இயந்திரம்’ என்னும் அடுக்கொன்று உண்டு. அது மென்பொருளால் ஆன ஒரு கணினி. ஒரே நிரல் வெவ்வேறு கணினிகளில் மாற்றமின்றி இயங்குவதற்கு அது துணைசெய்கின்றது.

இதற்கு ஸ்மால்டாக் மொழி நல்ல சான்று. 1970களில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பெர்க் முதலியோர் இதனை உருவாக்கினர். இம்மரபில் 1996ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தில் ஸ்குவீக் பிறந்தது. அதிலிருந்து 2008ஆம் ஆண்டு ஃபாரோ கிளைத்தது. இவற்றில் நிரலும் அது கையாளும் பொருள்களும் ஒன்றாக ஒரே கோப்பில் சேமிக்கப்படும். அக்கோப்பைப் ‘படிமம்’ என்போம். படிமத்தை இயக்குவது மெய்நிகர் இயந்திரம்.

பழைய முறை

முன்னைய அமைப்பில் மெய்நிகர் இயந்திரம் தொடங்கும்போதே இயங்குதளத்திடம் ஒரு சாளரத்தைக் கேட்டுப் பெற்றுவிடும். படிமத்திற்குக் கிடைப்பது அச்சாளரத்தின் உட்பரப்பு மட்டுமே. அப்பரப்பில் படிமம் தன் சொந்தச் சாளரங்களை வரைந்துகொள்ளும். விசை அழுத்தமும் சுட்டியின் அசைவும் எட்டு எண்கள் கொண்ட சிறு தொகுதியாகப் படிமத்திற்கு வந்துசேரும்.

இம்முறை எளியது, பல ஆண்டுகள் நன்கு பயன்பட்டது. ஆனால், இயந்திரம் முன்கூட்டி எண்ணியிராத ஒரு மாற்றம் வேண்டுமாயின் இடர்ப்பாடு எழும். சாளரத்தைக் கையாளும் பகுதி சி மொழியில், ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. ஸ்மால்டாக் அறிந்தவர் அதனைத் திருத்த இயலாது. சி மொழியும் இயங்குதளத்தின் நுட்பமும் அறிந்த மிகச் சிலரையே நாட வேண்டும். குறையை உணர்பவர் ஓரிடத்திலும், அதனைத் திருத்த வல்லவர் வேறோரிடத்திலும் இருந்தனர்.

புதிய முறை

2021ஆம் ஆண்டு வெளிவந்த ஃபாரோ 9இல் இப்பொறுப்பு இடம் மாறியது. இப்போது மெய்நிகர் இயந்திரம் தானாகச் சாளரம் எதனையும் திறப்பதில்லை. சாளரம் வேண்டுமாயின் படிமத்திலுள்ள ஸ்மால்டாக் நிரலே அதனைத் திறக்கின்றது. இதற்கு அது எஸ்.டி.எல். என்னும் நிரலகத்தைத் துணைக்கொள்கின்றது. 1998ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் அந்நிரலகம், இயங்குதளங்களுக்கிடையிலான வேறுபாடுகளை ஒரே முகத்தின் பின்னே மறைத்துத் தருவது. கணினி விளையாட்டுகளில் பெரிதும் பயன்படுவது.

இதனால் ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளச் சாளரங்களைச் செயலியே திறக்கலாம். திரையே இல்லாத வழங்கியில் சாளரமின்றி இயங்கலாம். எல்லாவற்றினும் மேலாக, சாளரத்தை ஆளும் நிரலைப் பயனாளர் தாம் அறிந்த மொழியிலேயே திறந்து படிக்கலாம். இயந்திரத்தை மீண்டும் உருவாக்காமலேயே திருத்தலாம்.

விசையும் எழுத்தும்

மொழியியல் நோக்கில் நாம் இங்குச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘கொ’ என்பது இலக்கணப்படி ஓர் எழுத்து. கண்ணுக்கு அது கொம்பு, ககரம், கால் என மூன்று உருவம். ஒருங்குறியில் ககரமும் ஒகர உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடுகள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுறையில் ரோமன் எழுத்துக்குரிய இரு விசைகளைத் தட்டுகின்றோம். முதல் விசைக்கு ‘க்’ தோன்றும். இரண்டாம் விசைக்கு அது ‘கொ’ என மாறும். முன்பு தோன்றிய எழுத்து பின்னர்த் திருத்தப்படுகின்றது என்பதைக் கருத வேண்டும்.

ஆகவே விசை வேறு, எழுத்து வேறு. பழைய எட்டெண் தொகுதியில் ஒரு நேரத்தில் ஒரு குறியீட்டுக்கே இடமிருந்தது. உருவாகிக்கொண்டிருக்கும் எழுத்து என்னும் இடைநிலைக்கு அங்கு இடமில்லை. எஸ்.டி.எல். நிரலகமோ விசை அழுத்தத்தை ஒரு நிகழ்வாகவும், முடிந்த உரையை வேறொரு நிகழ்வாகவும், உருவாகிவரும் உரையை மூன்றாவதொரு நிகழ்வாகவும் பிரித்து அறிவிக்கின்றது. அவற்றை எவ்வாறு ஏற்பது என்பதைச் செயலி நிரலே முடிவுசெய்யலாம். இதனால் தமிழ் உள்ளீடு தானாகச் செம்மையடைந்துவிடும் என நாம் கூறவில்லை. செம்மைசெய்யும் வாய்ப்பு, எழுத்தின் இயல்பை அறிந்த நிரலாளரின் கைக்கு வந்துள்ளது என்பதே நம் கருத்து.

உரிமையோடு வரும் கடமை

பொறுப்பு இடம் மாறும்போது இடர்களும் உடன்வருகின்றன. முதலாவது, எல்லையில் நிகழும் பிழை. அயல்மொழிச் சொல்லை ஏற்கும்போது தமிழ் அதன் ஒலியைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்கின்றது. ‘ஜனேலா’ ‘ஜன்னல்’ ஆனதால் தீங்கொன்றும் விளையவில்லை. ஸ்மால்டாக்கிலிருந்து சி மொழி நிரலகத்தை அழைக்கும்போது அத்தகைய நெகிழ்ச்சி இல்லை. அனுப்பும் தரவின் அளவு தவறினாலே இயந்திரம் முழுவதும் நின்றுபோகலாம்.

இரண்டாவது, படிமத்தின் நினைவு. இயங்குதளம் சாளரத்திற்கு வழங்கும் அடையாளம் அந்த ஓட்டம் முடியும்வரை மட்டுமே செல்லும். படிமமோ அதனையும் சேர்த்துச் சேமித்துவிடக்கூடும். மறுநாள் திறக்கும்போது அவ்வடையாளம் இறந்துபோன வீட்டு எண் போன்றது. எனவே ஒவ்வொரு தொடக்கத்திலும் பழையதை நீக்கிச் சாளரத்தைப் புதிதாகத் திறக்கச் செயலி நிரல் கற்றிருக்க வேண்டும்.

மூன்றாவது, சாளர நிரலே பழுதானால் அப்பழுதைத் திருத்தச் சாளரமே இராது. ஆகவே, சாளரமின்றிக் கட்டளைவரி வழியாகப் படிமத்தை இயக்கும் வழி எப்போதும் காக்கப்பட வேண்டும்.

நிறைவாக

இயந்திரத்தில் வைத்தால் எவரும் கவலையுறாமல் பயன்படுத்தலாம். ஆனால் திருத்துவோர் சிலரே. செயலி நிரலில் வைத்தால் பலரும் திருத்தலாம், பலரும் பிழைசெய்யலாம். இவ்விரண்டில், குறையை உணர்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் பொறுப்பை வைப்பதே நெடுநாளைக்கு நன்மை தரும் என்று கருதுகின்றோம். தமிழ் எழுத்தின் குறையை முதலில் உணர்பவர் தமிழில் எழுதுபவரே. ஆதலால் நம் மாணவர் செயலிகளைப் பயன்படுத்துவதோடு அமையாமல், விசைப்பலகைக்கும் திரைக்கும் இடையே எழுத்து செல்லும் வழியையும் கற்றல் வேண்டும். அவ்வழி திறந்திருக்கும்போது அதனைப் படித்தறியும் கண்ணும் நமக்கு இருத்தல் வேண்டும்.