கங்காரு புல்: எங்கள் வளவுகளின் பழைய குடி

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் புதுவீடு வாங்கும் எம்மவர்கள், குடிபுகுந்த கையோடு முன் வளவில் புற்றரை விரிக்கிறோம். இங்கே 'கூச்' என்று விற்கப்படும் புல், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகுதான். அதை வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த மண்ணுக்கே உரிய புல் இன்னொன்று உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் கதைப்பதில்லை.

அதன் பெயர் கங்காரு புல். தாவரவியலில் 'தெமேடா டிரையாண்ட்ரா'. அவுஸ்திரேலியாவின் எல்லா மாநிலங்களிலும் வளர்கிறது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும்கூட இதே இனம் உண்டு. இது அறுகுபோல் படராது. கொத்தாக நின்று, பல ஆண்டுகள் வாழும். கோடையில் இடுப்பளவு உயரத்துக்குத் தண்டு எழும்பி, செம்பழுப்புக் கதிர்கள் காற்றில் தலைசாய்த்து நிற்கும். குளிர்காலத்தில் இலை செந்நிறமாகிக் காய்ந்ததுபோல் தோன்றும். பட்டுவிட்டதென்று பிடுங்கிவிடக் கூடாது. வேர் உயிரோடுதான் இருக்கும். வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும்.

இதன் விதை ஒரு விந்தை. விதையின் நுனியில் நீண்ட முறுக்கிய வால் உண்டு. ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மீண்டும் முறுகும். இப்படிச் சுழன்று சுழன்று விதை தானே மண்ணுக்குள் இறங்கிவிடும்.

ஒருகாலத்தில் மெல்பேர்ணின் மேற்குச் சமவெளி இந்தப் புல்லால் நிறைந்திருந்தது. பூர்வீகக் குடிகள் காலமறிந்து நெருப்பிட்டு அதைப் பேணினார்கள். பின்னர் ஆட்டு மந்தைகளும் கலப்பையும் வந்தன. கடைசியாக வீட்டுத் திட்டங்கள் வந்தன. 2008இல் அந்தச் சமவெளிப் புல்வெளி, அழிவின் விளிம்பில் உள்ளதாக மத்திய அரசின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மேற்குச் சிட்னியில் இப்புல் வளரும் கம்பர்லாண்ட் சமவெளிக் காட்டுக்கு 2009இல் அதே நிலை. எம்மவர் வாழும் டார்னீட், மெல்டன், பெண்டில் ஹில், டூங்காபி எல்லாம் இந்தச் சமவெளிகளின் மேல்தான் இருக்கின்றன. நிலம் பறிபோவதன் பொருள் எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் வாங்கிய துண்டு நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று அறிவது எமக்கும் கடமை.

வளர்ப்பது கடினமல்ல. நல்ல வெயில் படும் இடம் வேண்டும். களிமண்ணானாலும் தண்ணீர் தேங்காவிட்டால் போதும். விதையைவிட நாற்று இலகு. புது விதை பல மாதம் உறங்கிக் கிடக்கும். உள்ளூர்த் தாவரங்கள் விற்கும் நாற்றுமேடையில் வாங்கி, இலையுதிர் காலத்திலோ வசந்தத்திலோ ஒரு முழத்துக்கு ஒன்றாக நடலாம். முதல் கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வேர் பிடித்தபின் பெரும்பாலும் மழையே போதும். பசளை போட வேண்டாம். பசளை களைகளுக்குத்தான் ஊட்டம்.

முக்கியமானது வெட்டு. பல ஆண்டுகள் எரிக்காமலும் வெட்டாமலும் விட்டால், இப்புல் தன் பழைய சருகுக்கடியிலேயே மூச்சடைத்துச் செத்துவிடும். வீட்டு வளவில் நெருப்பு வைக்க முடியாது. எனவே குளிர்காலம் முடியும் தறுவாயில், நிலத்திலிருந்து நான்கு விரற்கிடை விட்டு வெட்டி, வெட்டியதை அள்ளி அகற்றுங்கள். கோடையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும்; காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் சுவரோரம் நட வேண்டாம். வீதியோர நிலத்தில் நடுவதென்றால் மாநகரசபையின் விதியைப் பாருங்கள்.

அழகுக்காகக் கண்ட புல்லையும் வாங்கி வைக்காதீர்கள். மெல்லிய இழைபோல் அசையும் மெக்சிக்கோ இறகுப் புல் விக்டோரியாவில் தடைசெய்யப்பட்ட களை. ஊரிலிருந்து விதை கொண்டுவருவதும் அப்படியே. விமான நிலையத்தில் அறிவிக்காமல் கொண்டுவந்தால் தண்டம் கட்ட நேரும்.

கணக்குத் தொழிலில் இருப்பவர்கள் நாம். இதையும் கணக்காகவே சொல்கிறோம். புற்றரைக்குத் தண்ணீரும் பசளையும் வெட்டுகூலியும் ஆண்டுதோறும் செலவு. கங்காரு புல்லுக்குப் பெருஞ்செலவு முதலாண்டோடு சரி. இடமில்லாதவர்கள் பத்து நாற்றோடு தொடங்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒரு பெரிய சாடியில் வைக்கலாம்.