வாடைக்குக் காத்திருந்த தமிழர்கள்

வடகிழக்குப் பருவக்காற்று என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கும் சுவான்சௌ நகரத்துக்கோ அது கப்பல்கள் பாய் விரித்த காலம். கோடையில் தென்மேற்குக் காற்றைப் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்த வணிகர்கள், கொண்டுபோன மிளகை விற்று, பட்டும் பீங்கானும் வாங்கி வைத்துவிட்டாலும் உடனே ஊர் திரும்ப முடியாது. குளிர்காலத்து வாடை எழும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் ஓடிவிடும். மாதக்கணக்கில் ஓர் ஊரில் தங்குகிறவர்களுக்கு வீடு வேண்டும், வாய்க்குப் பழகிய சாப்பாடு வேண்டும், கும்பிடக் கோயில் வேண்டும். சுவான்சௌவில் தமிழர்கள் சிவன் கோயில் எழுப்பியதற்கு அந்தக் காத்திருப்பு ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். சீனா போகிற தமிழர்கள் பெய்ஜிங், ஷாங்காயோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்த ஊருக்கும் போக வேண்டும், அதுவும் குளிர்காலத்தில் போக வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

கோயில் இருந்தது என்பதற்குத் தமிழ்க் கல்வெட்டே சாட்சி. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனப் பேரரசரின் நலத்துக்காக, அவருடைய ஆணை பெற்று, திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. தமிழில் பொறித்துவிட்டு, கடைசியில் சீன எழுத்திலும் ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பேரரசர் குப்லாய் கான். அதே 1281இன் தொடக்கத்தில், குளிர்காலம் முடிவதற்குள், குப்லாய் கானின் தூதர் யாங் டிங்பி சுவான்சௌவில் கப்பலேறினார். மூன்று மாதத்தில் இலங்கைக்கு வந்து, அதற்குமேல் காற்று ஒத்துழைக்காததால் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார் என்று யுவான் வம்ச வரலாறு சொல்கிறது. அவர் நம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்த நாள்களில், நம் கரையிலிருந்து போனவர்கள் அவருடைய துறைமுகத்தில் கோயில் வேலையில் இருந்திருக்கிறார்கள்.

இந்த உறவு திடீரென்று முளைத்ததும் அல்ல. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குப் போயிருக்கின்றன. 1087இல் சுவான்சௌவில் கடல் வணிகத்துக்கென்று தனி அரசு அலுவலகமே திறந்தார்கள். பின்னாளில் அந்த அலுவலகத்தின் தலைவராக இருந்த சாவோ ருகுவா, தான் கேட்டறிந்ததைத் திரட்டி 1225இல் எழுதிய நூலில் சோழ நாட்டுக்கும் தனி இடம் கொடுத்தார். ஊருக்கு மேற்கே உள்ள சியூரி மலையில், நல்ல காற்று வேண்டி அதிகாரிகள் நடத்திய வழிபாட்டைப் பற்றிய பாறைக் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். வருடத்துக்கு இரண்டு வழிபாடு: வரவேண்டிய கப்பலுக்குக் கோடையில் ஒன்று, போகவேண்டிய கப்பலுக்குக் குளிர்காலத்தில் ஒன்று. அரசாங்கமே காற்றுக்குப் படையல் போட்ட ஊர் அது.

குளிரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மறைமலை நகரில் மார்கழி விடியலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அந்தப் பழக்கம் அங்கே போதாது. ஜனவரி இரவில் 10 டிகிரி வரை இறங்கும். பகலில் 17, 18. கேட்கும்போது ஊட்டியைவிடப் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் சீனாவில் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களில்தான் குளிர்காலத்தில் குழாய் வழியாக வீடுகளுக்குச் சூடு வருகிறது. தெற்கே அந்த ஏற்பாடு கிடையாது. ஈரக் கடற்காற்று கல்தரையில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. வெளியே வெயிலில் கழற்றிய ஸ்வெட்டரை அறைக்குள் வந்து போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து இஞ்சி வாத்து. மண்சட்டியில் முற்றிய இஞ்சியை எள்ளெண்ணெயில் நன்றாக வதக்கி, அதிலேயே வாத்துக்கறியை மூடி வேகவிடுகிறார்கள். நல்லெண்ணெய் வாசம் மேற்கு வீதி முனையிலேயே வந்துவிடுகிறது. சைவர்களும் கவலைப்பட வேண்டாம். பௌத்தக் கோயில்களை ஒட்டி மரக்கறிச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஊர் ஓரத்தில் ஷுன்பு என்கிற மீனவர் குப்பத்தில் வீட்டுச் சுவர்களே சிப்பி ஓடுகளால் ஆனவை. அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூச்சரம் வைத்துக்கொண்டுதான் மீன் விற்கிறார்கள். நம் ஊர்ப் பெண்களை அங்கே நிறுத்தினால் அந்நியமாகத் தெரியமாட்டார்கள்.

மேற்கு வீதியில்தான் காய்யுவான் கோயில் இருக்கிறது. 686இல் தொடங்கப்பட்ட பௌத்தக் கோயில். 13ஆம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பிய இரட்டைக் கோபுரங்களைப் படமெடுக்கத்தான் கூட்டம் கூடுகிறது. நாம் பார்க்க வேண்டியது வேறு. பெரிய மண்டபத்தின் முன்மேடையில், அடிவரிசைக் கற்களைக் குனிந்து பாருங்கள்: மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட சிற்பங்கள். பிறகு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போனால் கரும்பச்சைக் கல்லில் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு. அவற்றின் வட்டப் பதக்கங்களுக்குள் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்திக் குடலைப் பிடுங்குகிறார். கண்ணன் மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். கோபியரின் துணிகள் அவன் வசம். இன்னொன்றில் உரலோடு கட்டுண்ட பிள்ளை மருத மரங்களைச் சாய்க்கிறான். ஒவ்வொரு பதக்கமும் ஒரு தட்டு அகலம்கூட இருக்காது. ஆனால் உளி பிடித்தவருக்குக் கதை தெரியும் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்குகிறது. தூணின் மற்ற அலங்காரங்களில் சீனக் கைவண்ணமும் கலந்திருக்கிறது. அந்தக் கலவையின் முன்னால் நெடுநேரம் நின்றேன்.

இவையெல்லாம் இடிந்துபோன நம் கோயில்களின் கற்கள். யுவான் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் சுவான்சௌவில் வெடித்த கலகத்தில் வெளிநாட்டார் குடியிருப்புகள் சீரழிந்தன. கோயில்களும் அப்போதுதான் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பின்னால் மிங் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள் இந்தத் தூண்களைக் கொண்டுவந்து நட்டார்கள். நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் மீதியைப் பார்க்கலாம்: நான்கு கை விஷ்ணு, லிங்கத்துக்குப் பூவிட்டு வணங்கும் யானை. திருவானைக்காவல் கதை தெரிந்த எவருக்கும் அந்த யானையின் முன்னால் விளக்கப் பலகை தேவையில்லை. 1974இல் சுவான்சௌ விரிகுடாச் சேற்றில் கிடைத்த சோங் காலத்துக் கப்பலும் இந்த நகரில்தான் இருக்கிறது. பதின்மூன்று தடுப்பறைகள் கொண்ட அதன் வயிற்றில் வாசனை மரக்கட்டைகளோடு மிளகும் இருந்தது. பக்கத்திலுள்ள செடியன் கிராமத்தில் நான்கு கைத் தேவி சிற்பம் ஒன்றை இன்றும் குவான்யின் தெய்வமாக எண்ணி ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். பெயர் மாறினாலும் பூசை நிற்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்தை நினைத்தால் மனம் வலிக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் சீன எழுத்துப் பொறித்த ஒரு கோபுரம் இருந்ததாகவும், அதில் 1267ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருந்ததாகவும் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியிருக்கிறார். அதை நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள் அறிஞர்கள். சிதைந்த நிலையிலும் அது 19ஆம் நூற்றாண்டுவரை கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றது. 1867இல் ஆங்கிலேய அரசின் அனுமதியோடு இடித்துத் தள்ளினார்கள். எங்கள் ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள் பிறந்தது அதே நாகப்பட்டினத்தில்தான், 1876இல். சைவத்தையும் தமிழையும் உயிராக நினைத்த அவர், தன் சொந்த ஊரிலிருந்த அந்தக் கோபுரத்தைப் பார்க்கும் வாய்ப்பை ஒன்பது ஆண்டுகளில் இழந்தார். சுவான்சௌ தன் பழைய துறைமுகச் சின்னங்களில் 22 இடங்களைத் தொகுத்து 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிவிட்டது. அதில் காய்யுவான் கோயிலும் அடக்கம்.

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது, தமிழ்நாட்டுக்கும் ஃபூஜியனுக்கும் சகோதர மாநில உறவு ஏற்படுத்துவது என்றும், மாமல்லபுரத்துக்கும் ஃபூஜியனுக்கும் இருந்த தொடர்பை ஆராய ஒரு கழகம் அமைக்கும் வாய்ப்பைப் பார்ப்பது என்றும் பேசினார்கள். அடுத்த வருடமே கொரோனாவும் எல்லை மோதலும் வந்தன. இப்போது இரு நாடுகளுக்கும் இடையே நேரடி விமானங்கள் மீண்டும் பறக்கின்றன. அந்தப் பேச்சை எடுத்துச் செயலாக்க இது நல்ல நேரம். முதல் வேலையாக 1281 கல்வெட்டின் மைப்படியையும், தூண் சிற்பங்களின் அச்சுப்படிகளையும் மாமல்லபுரத்தில் வைக்கலாம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

போக நினைப்பவர்கள் சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக ஷியாமென் போய், அங்கிருந்து அதிவேக ரயில் ஏறலாம். சுவான்சௌ அதிக தூரமில்லை. சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்தச் சமயத்தில் நாடே சொந்த ஊருக்குக் கிளம்புவதால் ரயில் டிக்கெட் கிடைப்பது கடினம். அதனால் பொங்கலுக்கு முன்பே போய் வந்துவிடுவது நல்லது. கைபேசியில் பணம் கட்டும் செயலியை இங்கேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கடையிலும் அதைத்தான் கேட்கிறார்கள். காய்யுவானில் முன்வாசல் கூட்டத்தோடு கும்பிட்டுத் திரும்பிவிடாமல், மண்டபத்தின் பின்பக்கம் கட்டாயம் போங்கள்.