கெய்ரோவில் 14 மணி நேரம்!

அடுத்த விமானத்துக்கு இன்னும் 14 மணி நேரம் இருந்தது. என்ன செய்வது?

விமான நிலையத்து நாற்காலியில் சாய்ந்து தூங்கலாம். காபி குடித்துக்கொண்டே இருக்கலாம். அல்லது, 4,500 ஆண்டுகளுக்கு முன் கட்டிய பிரமிடைப் போய்ப் பார்க்கலாம்!

எகிப்து நாட்டின் தலைநகர் கெய்ரோ. அங்கே விமானம் மாறும் பயணிகளுக்கு என்றே ஒரு நாள் சுற்றுலா நடத்துகிறார்கள். அதற்கு விசா வேண்டும். அதை ஊரிலேயே வாங்கி இருந்தேன்.

காலை 7 மணிக்கு வேன் வந்தது. எங்கள் கூட்டத்தில் 9 பேர். பல நாட்டுக்காரர்கள். வழிகாட்டி ஓர் இளம் பெண். எகிப்தின் பழைய வரலாற்றைக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர்.

"மாலை 5 மணிக்கு உங்களைத் திரும்ப விமான நிலையத்தில் சேர்க்க வேண்டும். யாரும் காணாமல் போய்விடாதீர்கள்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் பிரமிடு

நைல் நதியைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போனோம். அங்கேதான் கீசா இருக்கிறது.

பிரமிடு என்பது மன்னனின் சமாதி. அது நடுப் பாலைவனத்தில் தனியே நிற்கும் என்று நினைத்து இருந்தேன். இல்லை! ஊர் அதன் காலடி வரை வந்துவிட்டது. மாடியில் துணி காய்கிறது. அதற்குப் பின்னால் பிரமிடு தெரிகிறது!

பெரிய பிரமிடு கூபு என்ற மன்னனுக்காகக் கட்டியது. கட்டி முடித்தபோது உயரம் 146 மீட்டர். உச்சி சிதைந்து இப்போது சுமார் 138 மீட்டர் இருக்கிறது. மொத்தம் சுமார் 23 லட்சம் கற்கள். மேலே வழுவழுப்பான வெள்ளைக் கல் பதித்து இருந்தார்கள். பிற்காலத்தில் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பெயர்த்துக்கொண்டுபோய் கெய்ரோவில் கட்டடம் கட்டிவிட்டார்கள்.

உள்ளே போனால்...

உள்ளே போகத் தனி டிக்கெட். வாங்கினேன்.

முதலில் குகை போல ஒரு வழி. பிறகு மேல்நோக்கி ஏறும் ஒடுங்கிய பாதை. அதன் உயரம் சுமார் 1.2 மீட்டர்தான். குனிந்தபடியே ஏற வேண்டும். முதுகு வலிக்கிறது. காற்று புழுக்கமாக இருக்கிறது. எதிரே இறங்கி வருகிறவர்களுக்கு வேறு வழி விட வேண்டும்! எங்களில் இரண்டு பேர் பாதியில் திரும்பிவிட்டார்கள். நானும் திரும்பி இருப்பேன். பின்னால் ஆட்கள் நின்றதால் முடியவில்லை.

திடீரென்று தலைக்கு மேல் இடம் கிடைத்தது. எட்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரு நெடிய கூடம்! அதன் முடிவில் மன்னனின் அறை. சுவர், தரை, கூரை எல்லாம் கருங்கல். அந்தக் கல் அஸ்வான் என்ற ஊரில் இருந்து நைல் நதி வழியே வந்தது. தூரம் 800 கிலோமீட்டருக்கு மேல்!

அறையில் மூடி இல்லாத ஒரு கல் பெட்டி இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டி நாங்கள் ஏறி வந்த பாதையைவிடச் சற்று அகலமானது. அப்படியானால் எப்படி உள்ளே வந்தது? கட்டும்போதே பெட்டியை வைத்துவிட்டு, பிறகுதான் மேலே கட்டி இருக்கிறார்கள்.

அடிமைகளா?

வெளியே வந்து வியர்வையைத் துடைத்தேன்.

"பாவம், எத்தனை ஆயிரம் அடிமைகள் சவுக்கடி பட்டார்களோ!" என்றேன்.

வழிகாட்டியின் முகம் மாறிவிட்டது.

"ஐயா, தினமும் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். சினிமாவில் காட்டுவது அது" என்றார். தெற்குப் பக்கம் கையை நீட்டினார்.

"1990ல் அங்கே ஒரு குதிரை கால் தடுக்கி விழுந்தது. தடுக்கியது ஒரு பழைய சுவர். தோண்டிப் பார்த்தார்கள். பிரமிடு கட்டிய தொழிலாளர்களின் சமாதிகள் கிடைத்தன! அடிமையை மன்னன் சமாதிக்குப் பக்கத்தில் புதைப்பார்களா? எலும்பு முறிந்து, வைத்தியம் பார்த்து ஒட்டவைத்த கைகளும் இருந்தன. அவர்கள் ரொட்டி சுட்ட இடமும் கிடைத்து இருக்கிறது. மாட்டிறைச்சியும் சாப்பிட்டு இருக்கிறார்கள்."

அவர் அதோடு நிறுத்தவில்லை. 2013ல் செங்கடல் கரையில் பழைய தாள் சுருள்கள் கிடைத்தன. மெரர் என்ற மேஸ்திரி எழுதிய நாட்குறிப்பு அது. அவன் ஆட்கள் தூரா என்ற இடத்தில் வெள்ளைக் கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவில் இறக்கினார்கள். என்றைக்குப் போனோம், என்றைக்கு வந்தோம் என்று எல்லாம் எழுதி வைத்து இருக்கிறான்!

வேலை கடுமைதான். எலும்புகளில் முதுகுத் தேய்மானம் தெரிகிறதாம். ஆனால் சங்கிலி போட்ட அடிமைகள் என்பதற்குச் சான்று இல்லை. நான் பள்ளியில் படித்ததை அன்று மாற்றிக்கொண்டேன்.

மூக்கு எங்கே?

அடுத்து ஸ்பிங்க்ஸ். மனிதத் தலை, சிங்க உடல். நீளம் 73 மீட்டர். ஒரே பாறையில் குடைந்தது. மூக்கு இல்லை. நெப்போலியன் பீரங்கியால் சுட்டான் என்பார்கள். அது கட்டுக்கதை. அவன் பிறப்பதற்கு முன்பு, 1737ல் ஒருவர் வரைந்த படத்திலேயே மூக்கு இல்லை!

"ஒட்டகத்தில் ஏறாதீர்கள். ஏறுவதற்கு ஒரு கூலி சொல்வார்கள். இறங்குவதற்கு இன்னொரு கூலி கேட்பார்கள்" என்று வழிகாட்டி எச்சரித்தார். நாங்கள் ஏறவில்லை.

அருங்காட்சியகமா, சக்காராவா?

மணி 12. இனி ஓர் இடத்துக்குத்தான் நேரம். கீசாவில் 2025 நவம்பரில் திறந்த பெரிய அருங்காட்சியகமா? தெற்கே 20 கிலோமீட்டரில் உள்ள சக்காராவா? கைதூக்கச் சொன்னார்கள். 5 பேர் சக்காரா. நானும் அதற்கே கை தூக்கினேன். தூத்தங்காமனின் தங்க முகமூடியைப் பார்க்காமல் வந்ததில் இன்றும் வருத்தம்தான்.

ஆனால் சக்காரா ஏமாற்றவில்லை. அங்கே இருப்பது படிப் பிரமிடு. ஜோசர் மன்னனுக்காகக் கட்டியது. கூபுவின் பிரமிடைவிடச் சுமார் நூறு ஆண்டு பழையது. அதற்கு முன் மன்னர்களின் சமாதி செங்கல் மேடைதான். இம்ஹோதெப் என்பவர் கல்லால் ஒரு மேடை கட்டினார். அதன்மேல் சிறியதாக இன்னொன்று. இப்படி ஆறு அடுக்கு! பிற்கால எகிப்தியர் அவரைத் தெய்வமாகவே கும்பிட்டார்கள். கட்டியவரைக் கும்பிட்ட நாடு அது. அங்கே கூட்டமும் இல்லை. அரை மணி நேரம் நிம்மதியாகச் சுற்றினோம்.

திரும்பும் வழியில் கெய்ரோவின் போக்குவரத்து நெரிசல்! கார்கள் நகரவே இல்லை. 5 மணி ஆயிற்று, 6 மணியும் ஆயிற்று. வழிகாட்டி டிரைவரிடம் அரபு மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். விமான நிலைய வாசலில் இறங்கியபோது மணி 6.20.

"ஓடுங்கள்!" என்றார்.

ஓடினோம். என் கேன்வாஸ் செருப்பில் இருந்து வழி எல்லாம் மணல் கொட்டியது.