அம்மாவோடு தென் துருவத்துக்கு

2004-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். அன்டார்க்டிகாவின் ஹெர்குலிஸ் இன்லெட் என்னும் பனிக்கரையிலிருந்து ஓர் அணி தெற்கே புறப்பட்டது. காலில் பனிச்சறுக்குக் கட்டைகள், இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு, பின்னால் உணவும் எரிபொருளும் கூடாரமும் ஏற்றிய சறுக்குவண்டி. அந்த அணியில் ஒருவர் மேட்டி மெக்நேர். அவரோடு அவர் பெற்ற பிள்ளைகள் இருவர்: எரிக், சாரா. இளையவள் சாராவுக்கு 18 வயது. துருவம் அங்கிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர். வழியில் எந்த விமானமும் உணவு கொண்டுவந்து கொடுக்கவில்லை. வேண்டியதையெல்லாம் தாங்களே இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

பெற்ற தாயே பிள்ளைகளை இப்படிக் கூட்டிப்போவதா என்று மனம் பதறும். அவர்கள் வளர்ந்த ஊரைப் பார்த்தால் அந்தப் பதற்றம் கொஞ்சம் தணியும். கனடாவின் வடக்கே, பாஃபின் தீவிலுள்ள இக்காலுவிட் அது. ஆண்டில் பல மாதங்கள் கடலே உறைந்து கிடக்கும். அப்பா பால் லாண்ட்ரி, அம்மா இருவருமே துருவப் பயண வழிகாட்டிகள். 1997-இல் பெண்கள் மட்டும் அணி அணியாக மாறி மாறி நடந்து வட துருவத்தை எட்டினார்களே, அவர்களை வழிநடத்திய இருவரில் மேட்டி ஒருவர். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பனி என்பது வாசலில் கிடப்பது. வண்டியிழுக்கும் நாய்கள் கூடவே வளர்ந்தவை.

இந்தப் பழக்கம்தான் துருவத்தில் உயிரைக் காக்கிறது. துணிச்சலுக்கு அங்கே இரண்டாம் இடம்தான்.

பனிவெளியில் குளிரைவிட ஏமாற்றுவது வியர்வை. பாரம் இழுக்கும்போது உடம்பு கொதிக்கும், உள்ளாடை நனையும், நின்ற மறுநிமிடம் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். அதனால் வியர்க்கும் முன்பே மேலாடையைக் கழற்ற வேண்டும், நிற்கும்போது குளிர்வதற்குள் இறகு அடைத்த கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே வேலை. சிறுவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோலின் பரப்பு அதிகம். சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். விரல் மரத்துப்போனதையும் அவர்கள் உடனே சொல்வதில்லை. கூட வரும் பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கன்னத்தையும் மூக்கு நுனியையும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாலையில் கூடாரம் அடித்த பிறகும் ஓய்வில்லை. அடுப்பு மூட்டிப் பனியை உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். கூடாரத்துக்குள் அடுப்பெரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். காற்றுவழியைத் திறந்தே வைக்க வேண்டும். நாள் முழுக்க இழுத்த உடம்பு கேட்கும் உணவும் அதிகம், அதனால் வெண்ணெய், சாக்லேட், கொட்டைகள் என்று கொழுப்பு மிகுந்தவையே மூட்டையில் இருக்கும்.

பனியூரில் பிறக்காத பிள்ளைகளால் முடியாதா? ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் வளர்ந்த ஜேட் ஹாமைஸ்டர், டயர்களைக் கட்டி இழுத்துப் பயிற்சி எடுத்தாள். 2016-இல், 14 வயதில், அப்பா பாலோடும் அனுபவமிக்க வழிகாட்டி எரிக் பிலிப்ஸோடும் சேர்ந்து சுமார் 150 கிலோமீட்டர் பனிச்சறுக்கில் சென்று வட துருவத்தை அடைந்தாள். வட துருவத்தில் கால் வைக்க நிலம் கிடையாது. மிதக்கும் கடல் பனி மட்டும்தான். இரவில் தூங்கும்போதே பனி நகர்ந்து, நடந்து கடந்த தூரத்தில் ஒரு பகுதியைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். காலையில் எழுந்து, அதே தூரத்தை மறுபடி நடக்க ஒரு சிறுமி மனம் தேறுவது கிலோமீட்டர் கணக்கைவிடப் பெரிய காரியம். அடுத்த ஆண்டு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தாள். 2018 ஜனவரியில், 16 வயதில், தென் துருவம்.

இரண்டு குடும்பங்களிலும் கவனிக்க வேண்டியது, பிள்ளைகள் வெறுமனே அழைத்துச் செல்லப்படவில்லை என்பது. வண்டியை அவர்களே இழுத்தார்கள். மகளுடைய கனவா, அப்பாவின் கனவா என்பதைப் புறப்படும் முன்பே பெற்றோர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதி வழியில் திரும்பலாம் என்று பிள்ளை சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும்.

சாரா பிறகு தானே வழிகாட்டியானார். 2011-இல் அண்ணன் எரிக்கோடு சேர்ந்து, காற்றாடியைப் பிடித்தபடி பனிச்சறுக்கில் வடமேற்குப் பாதை என்னும் ஆர்க்டிக் கடல்வழியை 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்தார். 1990-இல் அவருடைய பெற்றோர் மேட்டியும் பால் லாண்ட்ரியும் நாய்வண்டியில் பாஃபின் தீவைச் சுற்றி வந்திருந்தார்கள். 2015-இல் சாரா, எரிக் பூமர் என்ற துணையோடு, நாய்களைப் பூட்டிக்கொண்டு அதே வழியில் சுமார் 4,000 கிலோமீட்டர் போய்வந்தார்.