இளஞ்சோளத்தின் நஞ்சு

மழையின்றி வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு சுருண்டு விழுந்ததைக் கிராமத்து மாணவர் எவரேனும் சொல்லக்கூடும். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

சோள இலையின் புறத்தோல் செல்களில் 'துர்ரின்' என்ற சேர்மம் சேமிக்கப்பட்டுள்ளது. அதைச் சிதைக்கும் நொதியோ உள்ளே, இலையிடைத் திசுவின் பசுங்கணிகத்தில். பிரிந்திருக்கும்வரை பயிருக்கு ஆபத்தில்லை. புழு கடித்துச் செல்கள் சிதைந்ததும் இரண்டும் கலக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு வெளியாகி, கடித்த பூச்சியின் செல் சுவாசத்தை முடக்குகிறது. மாட்டுக்கு நேர்வதும் இதுவே. இளம் பயிரில் துர்ரின் மிகுதி. ஓரிலை போனாலும் நாற்றுக்குப் பேரிழப்பல்லவா?

"அப்படியானால் சோளச்சோறு?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். முற்றி உலர்ந்த தானியத்தில் துர்ரின் இல்லை எனலாம். முளைவிட்டதும் உருவாகத் தொடங்கும். இன்னொன்றையும் மறைக்க வேண்டாம்: இந்த நஞ்சு எல்லாப் பூச்சிகளையும் தடுப்பதில்லை. குருத்து ஈயின் புழு, நஞ்சு மிகுந்த இளநாற்றின் குருத்தைத்தான் தாக்குகிறது.