நத்தை ஓட்டில் ஒரு விளக்கு

இத்தாலியின் கோமோ ஏரியில் கோமாச்சினா என்றொரு குட்டித் தீவு. 1169இல் கோமோ நகரப் படை அதை எரித்துத் தரைமட்டமாக்கியது. எதிர்க்கரையில் இருக்கும் ஒசூச்சோ ஊரார் அதை இன்றும் மறக்கவில்லை. ஜூன் 24, திருமுழுக்கு யோவான் பிறந்த திருநாள். அதையொட்டிய சனிக்கிழமை இரவு ஏரியில் விளக்குகளை மிதக்கவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் நத்தை ஓட்டில் எண்ணெய் ஊற்றி ஏற்றுவார்களாம். வாணவேடிக்கை, தீவு எரிந்ததன் நினைவு. மறுநாள் படகுப் பவனி, இடிபாடுகளுக்கு நடுவே திருப்பலி.

விழாச் சாப்பாடு நத்தை. தொட்டுக்கொள்ள மக்காச்சோளக் களியான பொலெந்தா. ஏரிக்கரைக்கே உரிய கருவாடு மிசொல்தீனி: மீனை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலையோடு அடுக்கி அழுத்திவைப்பார்கள். சுட்டு, வினிகர் தெளித்துத் தின்பார்கள். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த எனக்கு இவர்கள் அந்நியரே அல்ல. அழிந்த ஊரை விழாவாலும் விருந்தாலும் வாழவைக்கும் இவர்களிடம் நாம் கற்க நிறைய இருக்கிறது.