நண்டின் சினையை உண்ணும் புழு

வயலில் நிற்கும் பயிரைப் பீடை தாக்கினால் கமக்காரர் அதை உடனே கண்டுகொள்வர். களஞ்சியத்திலுள்ள விதைநெல்லை அந்து அரித்தாலோ, விதைத்த பின்னரே நட்டம் தெரியவரும். கடல் நண்டுக்கும் இவ்வாறு மறைவாக அழிவு செய்யும் பீடை ஒன்று உண்டு.

புழுவின் வாழ்க்கை

பெண் நண்டு தன் முட்டைகளை வயிற்று மடலின் கீழ் ஒட்டவைத்துச் சுமக்கும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் டன்ஜெனெஸ் நண்டு ஒரே முறையில் 25 இலட்சம் முட்டைகள் வரை சுமக்கவல்லது. இந்நண்டைப் பற்றி வாழும் புழுவுக்குக் காசினோநெமேட்டிஸ் எறன்ஸ் என்று பெயர். இது நூல்போல் மெலிந்தது. ஏறக்குறையக் கால் அங்குல நீளமே உடையது.

இளம் புழுக்கள் நண்டின் ஓட்டு மடிப்புகளில் தங்கியிருக்கும். ஆண் நண்டிலுள்ளவை இணைசேருங் காலத்தில் பெண் நண்டுக்கு மாறும். முட்டை இட்டதும் அவை சினைக்குள் ஊர்ந்து சென்று, ஊசிபோன்ற உறுப்பினால் முட்டையைத் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சும். ஒரு புழு ஒரு சினைக்காலத்தில் சராசரியாக 70 முட்டைகளை உண்ணும் என்று கணித்துள்ளனர். இக்கணக்கின்படி 10,000 புழுக்கள் ஏழு இலட்சம் முட்டைகளை அழிக்கும்.

விளைந்த நட்டம்

மத்திய கலிபோர்னியாவில் இந்நண்டின் பிடிப்பு 1960ஆம் ஆண்டளவில் பெரிதும் வீழ்ந்து, நெடுங்காலம் மீளாதிருந்தது. அங்கே தொழிலுக்காகப் பிடிப்போர் 6¼ அங்குலத்துக்குக் குறையாத ஆண் நண்டுகளை மட்டுமே கொள்ளலாம். பெண் நண்டுகள் காக்கப்பட்டன. ஆயினும், அவ்வாறு காக்கப்பட்ட நண்டுகளின் முட்டைகளில் பாதிக்கு மேற்பட்டவை புழுக்களால் அழிந்தன என்று விலங்கியலறிஞர் டானியல் விக்கம் 1979இல் எழுதினார். கடல்நீரின் வெப்ப மாற்றமும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

அலாஸ்காவின் கச்செமாக் குடாவில், 1980களில், செவ்வரச நண்டுகள் பலவற்றின் சினை ஏறக்குறைய முற்றாக அழிந்தது. இந்நண்டு ஓராண்டளவு முட்டைகளைச் சுமப்பதால் புழுக்களுக்கு நீண்ட அவகாசம் கிடைக்கிறது. அங்கு காணப்பட்ட புழு இனம் ஒன்றுக்கு, 1989இல், ‘அரசனைக் கொல்வது’ எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது.

புழுவே தரும் அடையாளம்

அத்திலாந்திக் கரையின் நீல நண்டில், இதே குலத்தைச் சேர்ந்த வேறொரு புழு பூக்களில் தங்கும். முட்டை இடாத நண்டில் அது சிறியதாய் வெளிறிக் காணப்படும். முட்டைகளை உண்டு பூக்களுக்குத் திரும்பியபின் பருத்துச் செந்நிறமாகும். ஆகவே, நண்டு முன்னர் முட்டை இட்டுள்ளதா என்பதைப் பூக்களைத் திறந்து பார்த்தே அறியலாம்.

செய்யவேண்டியது

பரந்த கடலில் மருந்து தெளித்து இப்புழுவை ஒழிக்க இயலாது. சினையின் ஒரு சிறு பகுதியை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, புழுக்களையும் வெறுமையான முட்டைக் கோதுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அடுத்து வரும் பருவங்களுக்கான பிடிப்பின் அளவை வரையறுக்கும்போது இக்கணக்கும் சேர்க்கப்படுதல் நன்று.

சினை நண்டுகள் பல கண்ணிற்படுவதனால் மட்டும் வருங்காலப் பிடிப்புச் செழிக்கும் என்று நம்பலாகாது. நூறு நெல்மணிகளை ஈரத்துணியில் முளைக்கவிட்டுப் பார்த்த பின்னரன்றோ விதைநெல்லின் தரத்தை நாம் துணிகிறோம்!